டப்பிங் – சொல் விளக்கம்

டப்பிங் (பெயர்ச்சொல்): 1. படம்பிடித்த காட்சிக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் வசனம் பேசிச் சேர்த்தல். 2. திரையில் தோன்றும் நடிகருக்கு வேறொருவர் குரல் கொடுத்தல். 3. ஒரு மொழிப் படத்தின் வசனத்தையும் பாடலையும் இன்னொரு மொழிக்கு மாற்றி வெளியிடுதல்.

‘இரட்டித்தல்’ எனப் பொருள்படும் ‘டபிள்’ என்ற ஆங்கிலச் சொல் சுருங்கி ‘டப்’ ஆனது. பேசும் படம் தலையெடுத்த 1920களின் இறுதியில் அது திரைத்துறைச் சொல்லாயிற்று. பட்டம் சூட்டுவதைக் குறிக்கும் பழைய ‘டப்’புக்கும் இதற்கும் உறவில்லை. கன்னட ‘ஹரிச்சந்திரா’வை ஏவி.எம். 1944இல் தமிழ் பேசவைத்ததிலிருந்து மூன்றாம் பொருள் நமக்குப் பழக்கம்.

மூன்று வேலைக்கும் ஒரே சொல் என்பதால்தான் தமிழாக்கம் தடுமாறுகிறது. ‘காதலன்’ படத்தில் பிரபுதேவாவுக்கு விக்ரம் பேசியது இரண்டாம் பொருள்; மொழி மாறவே இல்லை. அதை ‘மொழிமாற்றம்’ என்று எழுதினால் தவறு. ‘பின்னணிக் குரல்’ என்பதே சரி. முதற்பொருளுக்கு அகராதிகள் ‘ஒலிச்சேர்க்கை’ என்கின்றன. இசை, சத்தம், பேச்சு எல்லாவற்றையும் கலக்கும் வேலையோடு அது குழம்பும் என்பதால் ‘குரல்சேர்ப்பு’ மேல். மூன்றாவதற்கு மட்டும் ‘மொழிமாற்று’. ‘மொழிமாற்றுப் படம்’ ஏற்கெனவே வழக்கில் ஊன்றிவிட்ட நல்ல சொல். தெலுங்கர் எழுத்தில் ‘அனுவாத சித்ரம்’ என்பார்கள். பேச்சில் அவர்களுக்கும் ‘டப்பிங் சினிமா’தான். நேரடித் தெலுங்குப் படம் ‘ஸ்ட்ரெயிட் சினிமா’.

சூர்யாவுக்கு ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் உள்ள ரசிகர் கூட்டத்தை இந்த மூன்றாம் பொருள்தான் உருவாக்கியது. ‘காக்க காக்க’ 2004இல் வெங்கடேஷ் நடிக்க ‘கர்ஷணா’ ஆனது. அது மறுஆக்கம், அதாவது ரீமேக். கதை போயிற்று, சூர்யா போகவில்லை. அடுத்த ஆண்டு ‘கஜினி’ மொழிமாற்றுப் படமாகப் போனபோது முகமும் சேர்ந்து போனது. ‘அயன்’ அங்கே ‘வீடொக்கடே’; ‘சிங்கம்’ அங்கே ‘யமுடு’. ‘வாரணம் ஆயிரம்’ ஆண்டாள் பாசுரத்தின் தொடக்கம். தெலுங்கில் அதே ஈர்ப்பு வராது என்பதால் தந்தை, மகன் பாத்திரப் பெயர்களை வைத்து ‘சூர்யா சன் ஆஃப் கிருஷ்ணன்’ ஆக்கினார்கள். 2008இல் வந்த அந்தப் படத்தை 2023இல் மறுபடி வெளியிட்டபோதும் அரங்குகள் நிரம்பின. முகத்தைப் போலக் குரலும் படத்துக்குப் படம் தொடர வேண்டும். சூர்யாவின் பல தெலுங்குப் பதிப்புகளில் பேசியவர், 2023இல் மறைந்த சீனிவாச மூர்த்தி.

உண்மையான கைத்திறன் உதட்டசைவோடு பேச்சைப் பொருத்துவதில் இருக்கிறது. ‘லிப் சிங்க்’ என்று கூடத்தில் சொல்வது இதைத்தான். வினாடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனிப் படம்); மூன்று நான்கு ஃபிரேம் தள்ளிப்போனாலே கண் கண்டுபிடித்துவிடும். உதடு மூடும் ப, ம இரண்டும்தான் முக்கியம். ‘அம்மா’, ‘போ’ இரண்டு மொழிக்கும் பொது. ‘பாம்பு’க்குப் ‘பாமு’ அச்சாகப் பொருந்தும். ‘பணம்’ என்பதற்கு ‘டப்பு’ வரும்போதுதான் சிக்கல்: தமிழில் உதடு முதலிலேயே மூடுகிறது, தெலுங்கில் நடுவில். அதனால் ‘ட’வைச் சற்று முன்னால் எடுத்து, ‘ப்பு’ உதடு மூடும் ஃபிரேமில் விழும்படி பேசுவார்கள்.

‘நான் சொன்னேன்’ மூன்றே ஒலியலகு (நான்-சொன்-னேன்). அதன் நேர் தெலுங்குப் பெயர்ப்பான ‘நேனு செப்பானு’ ஐந்து. ஓடிப் பேசினால்தான் அடங்கும். வினைமுற்றே ‘நான்’ என்பதைக் காட்டிவிடுவதால் ‘நேனு’வை வெட்டிவிடலாம். ஆனால் முகம் திரையை நிறைக்கும் குளோசப்பில் ‘செப்பானு’வின் ‘ப்’ உறுத்தும். அங்கே ‘அன்னானு’ என்று எழுதுபவரே நல்ல வசனகர்த்தா: அளவு சரி, உதடும் மூடாது, பொருளும் கெடாது. முதுகு காட்டும் ஷாட்டிலும் தொலைவு ஷாட்டிலும் இந்தக் கட்டு இல்லை. முந்தைய வரியில் விட்டுப்போன பொருளை அங்கே ஈடுசெய்துகொள்ளலாம். பாட்டுக்கோ மெட்டும் சேர்ந்து கட்டுப்படுத்தும்.

சில மொழிமாற்றுப் படங்கள் வறண்டு ஒலிப்பதற்குக் காரணம் குரல் அல்ல. பேச்சை நீக்கி இசையையும் சத்தங்களையும் மட்டும் வைத்திருக்கும் ‘எம் அண்ட் இ’ டிராக் முழுமையாகக் கிடைக்காவிட்டால், வசனத்தை எடுக்கும்போது காலடி ஓசையும் தெரு இரைச்சலும் கூடவே போய்விடும். அவற்றைப் புதிதாகப் பதிவுசெய்ய வேண்டும். கூடத்தில் அடக்கமாகப் பதிந்த குரலுக்குக் காட்சி நடக்கும் இடத்தின் எதிரொலியைச் சேர்க்காவிட்டாலும் குரல் முகத்தில் ஒட்டாது. தணிக்கைச் சான்றிதழும் மூலப்படத்துடையது செல்லாது. மொழிமாற்றுப் பதிப்பும் தணிக்கை பெற்றாக வேண்டும்.

பயன்பாடு: “அவருக்குப் பின்னணிக் குரல் கொடுத்தவர்” (டப்பிங் பேசியவர்), “குரல்சேர்ப்பு முடிந்தது” (டப்பிங் முடிந்தது), “தெலுங்குக்கு மொழிமாற்றினார்கள்” (டப் செய்தார்கள்). ‘மொழிபெயர்ப்புப் படம்’ வேண்டாம். மொழிபெயர்ப்பு வசனத்தாளோடு முடிந்துவிடுகிறது.