'எக்ஸ்போர்ட்': ஏற்றுமதியா, பகிர்வா?

உள்ளூர் வலையமைப்பில் எந்தக் கணினி எந்தக் கோப்புறையைப் பொதுவில் வைத்திருக்கிறது என்று தேடப் புகுந்தால், சீக்கிரமே எதிர்ப்படும் சொல் 'எக்ஸ்போர்ட்'. லினக்ஸ் முனையத்தில் ஷோமவுண்ட் கட்டளையோடு '-ஈ' தெரிவையும் வழங்கியின், அதாவது கோப்புகளை வைத்துத் தரும் கணினியின், பெயரையும் தட்டினால், 'எக்ஸ்போர்ட் லிஸ்ட்' என்ற தலைப்பின் கீழ் சில வரிகள் வரும். அதில் ஒன்று, '/ஹோம் 192.168.1.0/24'. இடப்பக்கம் கோப்புறை, வலப்பக்கம் அதைப் பயன்படுத்த அனுமதி பெற்ற முகவரிகள்.

லத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே, 'போர்டாரே' என்றால் சுமந்து செல்வது. வணிகத்தில் இதற்கு 'ஏற்றுமதி' என்பது நல்ல தமிழ். சரக்கை ஏற்றுகிறோம், அது நம் கையை விட்டுப் போகிறது. ஆனால் வலையமைப்பில் எதுவும் ஏறுவதுமில்லை, போவதுமில்லை. கோப்பு வழங்கியின் வட்டிலேயே கிடக்க, மற்றக் கணினிகள் தம் சொந்தக் கோப்புபோல அதைத் திறக்கின்றன. 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்த, வலையமைப்பு வழியாகக் கோப்புகளைப் பயன்படுத்தும் என்எஃப்எஸ் முறையின் அடிப்படையே இதுதான். ஆகவே அங்கே எக்ஸ்போர்ட் என்பது வழங்கியின் பக்கம் நின்று சொன்ன சொல்: என் அடைவு (கோப்புறை) மரத்தில் இந்தக் கிளையை வெளியாருக்குத் திறந்து விடுகிறேன் என்பதே அதன் பொருள்.

யாருக்குத் திறப்பது என்பதும் அந்தப் பொருளுக்குள் அடக்கம். எதை யாருக்குத் திறப்பது என்று வழங்கியில் குறித்து வைக்கும் 'எக்ஸ்போர்ட்ஸ்' கோப்பில் கணினிப் பெயரை ஒட்டி அடைப்புக்குறிக்குள் 'ஆர்டபிள்யூ' (படிக்க, எழுத) என்று எழுதினால், அந்த ஒரு கணினிக்கு மட்டும் எழுதும் உரிமை. பெயருக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்தால் போதும், அந்த உரிமை எல்லாருக்கும் போய்விடும். லினக்ஸ் வழங்கி வைத்திருப்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிப்பது நல்லது.

இதற்குத் தமிழில் 'பகிர்வு' என்பதே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. விண்டோஸ் பக்கத்தில் 'ஷேர்' என்பதற்கும் அதே சொல் புழங்குகிறது. செய்வது ஒரே வேலை, இரண்டு பெயர் எதற்கு? வினையாக வேண்டுமானால் 'பகிர்வுக்கு விடு', பட்டியலுக்கு 'பகிர்வுப் பட்டியல்'. 'ஏற்றுமதி'யைத் தரவை வேறு வடிவத்தில் வெளியே எடுக்கும் இடங்களுக்கு விட்டுவிடலாம். அங்கே உண்மையாகவே ஒன்று வெளியே போகிறது.

தேடுபவருக்கு இன்னொன்று. ஷோமவுண்ட் எதையும் காட்டவில்லை என்பதால் பகிர்வே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். அது வழங்கியில் ஓடும் மவுண்ட்டி சேவையிடம் கேட்டுத்தான் பதில் சொல்கிறது. என்எஃப்எஸ் 4ஆம் பதிப்பில் இணையும் கணினி அந்தச் சேவையை நாட வேண்டியதில்லை, 2049 என்ற போர்ட் (இணைப்பு வாயில் எண்) மட்டும் போதும். அங்கே வழங்கியின் வேரான '/' அடைவையே மவுண்ட் செய்து, அதாவது உங்கள் கணினியில் ஒரு கோப்புறைபோல இணைத்து, பாருங்கள். உங்களுக்கு அனுமதியுள்ள பகிர்வுகள் அதற்குள் கிளைகளாகத் தெரியும்.