மலையிறக்கத்தில் பிரேக்கின் கணக்கு

பிரேக் சரியில்லை என்று வரும் கார்களில் சிலவற்றுக்குச் சக்கரத்தைக் கழற்றியதுமே விஷயம் தெரிந்துவிடும். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கில் நீலம் ஓடியிருக்கும். அதை அழுத்திப் பிடிக்கும் பேடின் முகம் கண்ணாடி மாதிரி மினுங்கும். "மலையிலிருந்து நியூட்ரலில் இறக்கினீர்களா?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு அசட்டுச் சிரிப்புதான் பதிலாக வரும்.

உராய்வு செய்த வேலையைக் கண்டுபிடிக்க விசையைத் தூரத்தால் பெருக்கு என்று பள்ளியில் படித்தோம். மலைப்பாதையில் அது நடக்காத காரியம். ஒவ்வொரு வளைவிலும் பெடலை ஒவ்வொரு மாதிரி மிதித்திருப்போம். விசை நொடிக்கு நொடி மாறியிருக்கும். ஆற்றல் அழியாது என்ற விதியைப் பிடித்துக்கொண்டால் இந்தத் தலைவலியே இல்லை. தொடக்கத்தில் கையிருப்பு எவ்வளவு, முடிவில் மீதி எவ்வளவு என்று பார்த்தால் போதும். குறைந்ததெல்லாம் தடுக்கும் விசைகள் தின்றதுதான்.

1500 கிலோ எடையுள்ள கார் 500 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலேயும் கீழேயும் ஒரே வேகம் என்றால் இயக்க ஆற்றலில் மாற்றமில்லை. நிலை ஆற்றல் மட்டும் 1500 × 9.8 × 500, அதாவது 73.5 லட்சம் ஜூல் குறைந்துவிட்டது. பாதை எத்தனை கிலோமீட்டர், எத்தனை கொண்டையூசி வளைவு என்பதெல்லாம் இந்தக் கணக்குக்கு வேண்டியதில்லை.

இது எவ்வளவு பெரிய தொகை? அதே கார் சமதளத்தில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க, சுமார் 2.08 லட்சம் ஜூலைக் கழித்தால் போதும். அப்படியென்றால் ஒரு மலையிறக்கம், 60-இல் இருந்து 35 முறை நிறுத்துவதற்குச் சமம். இரண்டு பக்கமும் நிறை அடிபட்டுப் போவதால், லாரிக்கும் இதே 35தான்.

இந்த 73.5 லட்சத்தைக் காற்று, டயர், இன்ஜின், பிரேக் நான்கும் பங்கு போட்டுக்கொள்கின்றன. காற்றும் டயரும் எடுப்பதை நம்மால் பெரிதாக மாற்ற முடியாது. நியூட்ரலுக்குப் போனால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்து, இன்ஜினின் பங்கும் பிரேக்கின் தலையில் விழுகிறது. டிஸ்க் சூடாகி, அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கு இறங்கும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. ஈரத்தை உறிஞ்சிய பிறகு 155 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி சேரும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் தரை வரை போயும் வண்டி பிடிக்காது.

இதே கணக்கில் இன்னொன்றும் வருகிறது. ஒரே மாதிரியான இரண்டு கார்கள், ஒரே இடத்தில், ஒரே அளவு பிரேக். 60-இல் வந்தது தடையைத் தொடும் முன் சரியாக நின்றுவிடுகிறது. 80-இல் வந்தது அங்கே எந்த வேகத்தில் மோதும்? பலரும் 20 என்பார்கள். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் போவதால் 6400-இல் 3600 கழிந்து 2800 மிச்சம். மோதும் வேகம் ஏறக்குறைய 53.

சரி, நியூட்ரலில் இறக்கினால் பெட்ரோல் மிச்சமாகுமே என்பார்கள். இன்றைய ஊசித்தெளிப்பு (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) இன்ஜின்களில், கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கினால் எரிபொருள் வரத்தே பெரும்பாலும் நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமலிருக்கக் கொஞ்சம் எரிந்துகொண்டே இருக்கும்.