கரண்ட் போனால் சோலாரும் நிற்கும், அதை ஏமாற்றப் பார்க்காதீர்கள்

மழைக்காலம் வந்தாலே தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கமிருந்து எனக்கு ஒரே புகார்தான். "மொட்டை மாடி முழுக்க பேனல், நல்ல வெயில், ஆனாலும் கரண்ட் போனா ஃபேன் சுத்தலையே!"

இது பழுது இல்லை. போட்டவர் உங்களை ஏமாற்றவும் இல்லை. பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டிதான் சோலார் இன்வெர்ட்டர். மானியத்தில் வீடுகளுக்குப் பெரும்பாலும் போடுவது ஈபி லைனோடு சேர்ந்து ஓடும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர். ஈபி சப்ளை இருந்தால்தான் அது ஓடும், போன நொடியே நின்றுவிடும். 3 கிலோவாட் போட்டாலும் 10 போட்டாலும், உச்சி வெயிலானாலும் அப்படித்தான். கரண்ட் போன லைனில் உங்கள் பேனல் கரண்ட் பாய்ந்தால் அதைச் சரிசெய்பவருக்கு ஆபத்து; அந்த லைன்மேன் உயிரைக் காக்கவே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

போன வாரம் பார்த்த வீட்டில் மெயினை அணைக்காமலே ஜெனரேட்டரை பிளக் பாயிண்ட் வழியாக வீட்டு ஒயரிங்கில் கொடுத்து, அதை ஈபி என்று இன்வெர்ட்டரை நம்பவைத்திருந்தார்கள். நெஞ்சு பதறிவிட்டது. உங்கள் வீட்டு சர்வீஸ் ஒயர் மழையில் அறுந்து தண்ணீரில் கிடந்தால், அதில் பாய்வது உங்கள் வீட்டுக் கரண்ட். அதை மிதிப்பது பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இங்கே பட்ட பாடு எனக்கும் தெரியும். இருட்டிலும் வெளிச்சம் வேண்டுமா? பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் போடுங்கள், ஈபி போனாலும் பேட்டரியிலிருந்து வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கும். செலவு கூடும், சில வருஷத்தில் பேட்டரி மாற்றவும் வேண்டும். வாங்கும்போதே கேட்டு முடிவு செய்யுங்கள்.

இதனால் சோலாரே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னை வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்குச் சுமார் 4 யூனிட் வரும். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. எண்ணூர் நிலக்கரிச் சாம்பலைச் சுவாசிக்கும் நமக்கு இதன் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே சாம்பல் பேனலில் படிந்தால் யூனிட் குறையும். காலையில், பேனல் சூடேறும் முன் மெல்லிய துணியால் துடையுங்கள். உப்பான போர்வெல் தண்ணீர் வேண்டாம், வெள்ளையாகப் படியும். கம்பி நாரைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். காசிமேடு போலக் கடலை ஒட்டியிருந்தால் நட்டு போல்ட்டெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானா என்று பார்த்து வாங்குங்கள், சாதாரண இரும்பு சீக்கிரமே துருப்பிடிக்கும். புயலில் கழன்ற பேனலை நீங்களே தூக்காதீர்கள். மெயினை அணைத்தாலும் வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும்வரை அதன் ஒயரில் கரண்ட் இருக்கும். தள்ளி நின்று, போட்டவரைக் கூப்பிடுங்கள்.