வெள்ளரி அத்தோவில் குளம் கட்டுவது ஏன்?

அத்தோ என்பது காயை எண்ணெய், புளிப்போடு பிசறும் பர்மியச் சாலட். ரங்கூன் வாசகி ஒருவர் கேட்கிறார்: "வெள்ளரிக்காய் அத்தோ கலந்து ஃபிரிட்ஜில் வைத்தேன். விருந்தாளிகள் வருவதற்குள் கிண்ணத்தில் குளம் கட்டிவிட்டது. காய் பழசா?"

காய்மேல் பழி இல்லை. வெள்ளரியில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர்தான். அதை வெளியே இழுத்தது நீங்கள் ஊற்றிய மீன் சாஸ். உப்பு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குச் செல்லின் சவ்வு வழியே தண்ணீர் நகரும். பள்ளியில் படித்த சவ்வூடு பரவல்தான். தண்ணீர் இப்படி நகர்வதால் எழும் அழுத்தத்துக்குக் கணக்கு வகுத்த டச்சு வேதியியலாளர் வான்ட் ஹாஃபுக்குத்தான் 1901இல் வேதியியலின் முதல் நோபல் பரிசு போனது.

எப்படியும் வரப்போகிற தண்ணீரை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். அரை கிலோ வெள்ளரியை 3 மில்லிமீட்டர் வில்லைகளாக அரிந்து, ஒரு டீஸ்பூன் உப்பைப் பிசறி, வடிதட்டில் 20 நிமிடம் விடுங்கள். இப்போது ஒரு வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முதலில் வெள்ளையாக மங்கியிருந்தது கண்ணாடிபோல் ஆகியிருக்கும். செல்களுக்கு இடையே காற்று இருந்த சந்துகளில் சாறு புகுந்ததால் ஒளி சிதறாமல் ஊடுருவுகிறது. வில்லை வளையும், ஒடியாது. ஆனாலும் கடித்தால் நறுக்கென்றிருக்கும். வற்றியது செல்லின் உள்ளே இருந்த நீர், செல்சுவர் அப்படியே இருக்கிறது. கையால் பிழியுங்கள். அரை டம்ளர்வரை சாறு வரும். பிழிந்ததைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவாதீர்கள். வெளியேற்றிய தண்ணீர் திரும்ப உள்ளே ஏறிக்கொள்ளும்.

முட்டைக்கோஸுக்கு இதே விதி தலைகீழ். மெல்லிசாக அரிந்து, காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஐஸ் போட்டு 15 நிமிடம் ஊறவையுங்கள். இம்முறை வெளியே இருப்பது வெறும் தண்ணீர், உள்ளே இருப்பது கரைசல். தண்ணீர் உள்ளே பாய்ந்து செல்சுவரை முட்டித் தள்ளும். செடியின் செல்லுக்குள் கார் டயரில் உள்ள அளவுக்கு, சில நேரம் அதற்கு மேலும்கூட அழுத்தம் இருக்கும். அந்த விறைப்புத்தான் மொறுமொறுப்பு. ஒரே சவ்வு, ஒரே விதி. ஒரு காய்க்குக் காலி செய்கிறது, இன்னொன்றுக்கு நிரப்புகிறது!

கலக்கும் வரிசையும் முக்கியம். மஞ்சள் சேர்த்து வெங்காயம் பொரித்த எண்ணெய் 2 மேசைக்கரண்டி முதலில். எண்ணெய் படலமாகப் பூசிக்கொண்டால் உப்பு காயைத் தொடத் தாமதமாகும். பிறகு ருசி பார்த்து, ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் போகாமல் மீன் சாஸ். வறுத்த கடலைமாவு 2 மேசைக்கரண்டி, பொடித்த வேர்க்கடலை 3. மாவு கசியும் சாற்றை உறிஞ்சிக் கெட்டியாக்கி, எண்ணெயையும் புளிப்பையும் ஒட்டவைக்கும். மாவை மணம் வரும்வரை வறுக்காவிட்டால் பச்சை வாடை அடிக்கும். பொட்டுக்கடலையைப் பொடித்தும் போடலாம். எலுமிச்சைச் சாறு பரிமாறும்போதுதான். புளிப்பு நேரமாக ஆகப் பச்சையத்திலுள்ள மக்னீசியத்தைக் கழற்றிவிடும். பச்சை நிறம் பாசி படிந்ததுபோல் மங்கும்.

வெள்ளரியின் காம்பு முனையை வெட்டித் தேய்த்தால் கசப்பு நுரையாக வெளியேறும் என்று பாட்டிமார் சொல்வார்கள். நுரை வருவது நிஜம். ஆனால் அது வெட்டுப்பட்ட குழாய்களின் சாறு. எவ்வளவு தேய்த்தாலும் காய்க்குள் இருக்கும் கசப்பு அசையாது. கசப்பு மிகுதியாக இருப்பது காம்புப் பக்கத்திலும் தோலடியிலும்தான். அங்கே இரண்டு விரற்கடை வெட்டி எறிந்து, தோலைச் சீவுங்கள். தேய்ப்பதெல்லாம் சடங்கு.

குளிர்ந்த உணவில் இனிப்பும் மணமும் மந்தமாகத் தெரியும். இனிப்பு மங்குவதற்கு, நாவில் அதை அறிவிக்கும் ஒரு புரதம் குளிரில் சுறுசுறுப்பு குறைந்துவிடுவது ஒரு காரணம். ஆகவே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பிறகு ருசி பார்த்துத் திருத்துங்கள். அவசரத்துக்கு ஃபிரீசரில் வைக்காதீர்கள். பனித்துகள் சவ்வைக் கிழித்துவிடும், உருகியபின் காய் கந்தல்தான். மின்சாரம் விட்டுவிட்டு வரும் நாட்களில், பிழிந்த காயையும் மாவையும் தனித்தனி டப்பாவில் வைத்திருந்து, இலை போட்டபிறகு கலக்குங்கள்.