ஃபியூசலாஜ் என்கிற உடற்கூடு

காகிதத்தில் விமானம் செய்பவர்கள் அச்சுத்தாளை விரித்ததும் முதலில் தேடும் துண்டு இதுதான். இறக்கை, வால், சக்கரம் எல்லாம் அப்புறம் இதில்தான் வந்து ஒட்டப்போகின்றன. முன்னால் எஞ்சின், நடுவில் ஆட்கள், பின்னால் வால் என்று எல்லாவற்றையும் தாங்கும் இந்த நீண்ட நடுப்பகுதியை ஆங்கிலத்தில் ஃபியூசலாஜ் என்கிறார்கள். தமிழில் உடற்கூடு என்பதே இதற்குப் பொருத்தமான சொல் என்று நினைக்கிறேன். எப்படி என்று பார்ப்போம்.

ஆங்கிலத்துக்கு இது பிரெஞ்சு வழியாக வந்த சொல். லத்தீனில் ஃபூசுஸ் என்றால் நூல் நூற்கும் கதிர். அதிலிருந்து பிரெஞ்சில் ஃபூசெலே என்றொரு பெயரடை வந்தது. கதிர் போல நடுவில் பருத்து முனையில் ஒடுங்கியது என்று பொருள். அதன் மேல் ஒரு விகுதி ஏறி ஃபூசெலாஷ் ஆனது. பள்ளியில் செல் பிரிதல் பாடத்தில் ‘கதிர்கோல் இழைகள்’ படித்திருப்போமே, அதே வடிவம்தான். வெடித்திரியைக் குறிக்கும் ஃப்யூஸ் என்ற சொல்லும் இந்தக் கதிரின் வழி வந்தது. வீட்டு மின்பலகையில் இருக்கும் ஃப்யூஸுக்கு மட்டும் வேர் வேறு, அது உருகுதல் என்ற வினையிலிருந்து பிறந்தது.

ஆங்கிலத்தில் ஃபியூசலாஜ் புழங்கத் தொடங்கியது 1909 வாக்கில். அந்த ஆண்டு ஜூலை 25 அன்றுதான் லூயி பிளேரியோ தன் ஒற்றை இறக்கை விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அன்றைக்குப் பறக்கும் கலையில் பிரான்ஸ் முன்னால் நின்றது, அதனால் பாகங்களின் பெயர்களும் அங்கிருந்தே பரவின. இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகட்டின் பெயரான எய்லரான் அப்படி வந்தது, சிற்றிறக்கை என்று பொருள். வால் தொகுதியைக் குறிக்கும் எம்பெனாஜ், அம்புக்கு இறகு கட்டும் வேலையிலிருந்து எடுத்த சொல். 1903-இல் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்துக்கோ இப்படி ஒரு நடு உடலே கிடையாது. ஓட்டியவர் கீழ் இறக்கையின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். இல்லாத பாகத்துக்குப் பெயரும் தேவைப்படவில்லை.

சரி, எல்லா விமான உடலும் கதிர் வடிவத்திலா இருக்கிறது? பைப்பர் ஜே-3 கப் என்ற சின்ன விமானத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள லாக் ஹேவன் ஊரில் 1938 முதல் 1947 வரை கிட்டத்தட்ட 20,000 கப்கள் செய்தார்கள். மஞ்சள் உடம்பு, பக்கவாட்டில் கறுப்பு மின்னல் கோடு, ஒருவர் பின் ஒருவராக இரண்டு இருக்கைகள். எஃகுக் குழாய்களைப் பற்றவைத்து ஒரு சட்டகம் செய்து, அதன்மேல் பருத்தித் துணியை இழுத்துப் போர்த்தினார்கள். பக்கங்கள் தட்டையாக இருக்கும். வால் பக்கம் ஒடுங்குகிறது என்பதைத் தவிர கதிரோடு இதற்குப் பெரிய உறவில்லை.

அந்தத் தட்டைப் பக்கங்களால்தான் கப் காகிதத்துக்கு இவ்வளவு நன்றாக ஒத்துவருகிறது. போலந்துக்காரர்கள் பரவலாக்கிய 1:33 அளவில் (நிஜத்தில் 33-இல் ஒரு பங்கு) செய்தால் கப்பின் 6.83 மீட்டர் நீளம் சுமார் 21 சென்டிமீட்டராகிவிடும், அதாவது ஒரு ஏ4 தாளின் அகலம். இறக்கை மட்டும் 32 சென்டிமீட்டரைத் தாண்டுவதால் இரண்டு பாதியாக அச்சாக வேண்டும். தாள் 160 முதல் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) கனத்தில் இருந்தால் போதும். மடிப்புக் கோடுகளை மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒருமுறை அழுத்திக் கீறிக்கொண்டால் மடிப்பு கூராக விழும். வெட்டிய ஓரத்தில் தாளின் வெள்ளை தெரியும். ஒட்டுவதற்கு முன் அங்கே மஞ்சள் வாட்டர்கலரை மெல்லத் தடவிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூட்டுக்கு மூட்டு வெள்ளைக் கோடு பல்லிளிக்கும். சிரமம் மூக்குப் பகுதியில்தான். காகிதம் ஒரு திசையில் வளையும், ஒரே நேரத்தில் இரண்டு திசைகளில் வளையாது. அதனால் எஞ்சின் மூடியின் உருண்டையான இடங்களை இதழ் இதழாக வெட்டி ஒன்றோடொன்று சேர்க்கிறார்கள்.

நிஜமான கப்பில் துணியை உரித்தாலும் எஃகுச் சட்டகம் அப்படியே நிற்கும். காகிதக் கப்பில் மேல்தாளை உரித்தால் உள்ளே சில குறுக்குத் தட்டுகள்தான் மிஞ்சும். இங்கே தோலேதான் எலும்பு. விமானக் கலையில் இந்த முறைக்கு மோனோகாக் என்று பெயர். காக் என்றால் பிரெஞ்சில் முட்டை ஓடு. 1912-இல் லூயி பெஷெரோ வடிவமைத்த டெபர்டுசான் பந்தய விமானத்தின் உடல் இப்படித்தான் உருவானது. மெல்லிய மரத் தகடுகளை அச்சின் மேல் அடுக்கடுக்காக ஒட்டி, உள்ளே வெறுமையாக விட்டார்கள். அதில் பறந்த ஜூல் வெத்ரின் அதே ஆண்டில் மணிக்கு 100 மைலைத் தாண்டினார். தாளையும் பசையையும் வைத்துக்கொண்டு உட்காருபவர், கப் செய்தாலும் சரி செஸ்னா போன்ற வேறு விமானம் செய்தாலும் சரி, பெஷெரோவின் வழியில்தான் கட்டுகிறார்.

இப்போது தமிழுக்கு வருவோம். ‘உடற்பகுதி’ என்று எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் ‘பகுதி’ என்பது இறக்கைக்கும் வாலுக்கும் கூடப் பொருந்திவிடும். வேரை ஒட்டி ‘கதிருடல்’ என்று ஆக்கினால், படிப்பவருக்கு நெற்கதிரோ ஒளிக்கதிரோதான் நினைவுக்கு வரும். போதாக்குறைக்குக் கப்பின் வடிவமும் அதுவல்ல. ‘உடற்கூடு’ என்பதில் உள்ளே வெறுமை இருக்கிறது, சுற்றிலும் ஓடு இருக்கிறது, அதற்குள் உயிர் தங்குகிறது. கூடு விட்டுக் கூடு பாய்தல் என்னும்போது நாம் உடம்பைத்தானே கூடு என்கிறோம்! ஆள் ஏறி உட்காரும் பாகத்துக்கு இதைவிட நெருக்கமான சொல் எனக்குத் தெரியவில்லை.

எழுதும்போது ஒரு கவனம் வேண்டும். உடற்கூறு என்றால் உடலின் உள்ளமைப்பு, மருத்துவப் பாடம். றகரமா டகரமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். செய்முறைக் குறிப்பில் ‘உடற்கூட்டின் இடப்பக்கம்’, ‘வால்பக்க உடற்கூடு’, ‘உடற்கூட்டின் அடிமூட்டு’ என்று தயங்காமல் எழுதலாம். அந்த அடிமூட்டைக் கடைசியாக ஒட்டுங்கள், ஃபெவிக்காலைக் கொஞ்சமாகத் தொட்டு. அதிகமானால் தாள் ஈரத்தில் நெளிந்துவிடும்.