முட்டையை எண்ணிய பிறகே மருந்து

லாயத்தில் உள்ள எல்லாக் குதிரைகளுக்கும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து. 1966-இல் அமெரிக்காவின் கென்டக்கியில் பரிந்துரைக்கப்பட்ட முறை இது. அன்றைய எதிரி பெரு ஸ்ட்ராங்கைல் புழு. அதன் இளம்புழு குடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனிக்குள் புகுந்து அடைப்பை உண்டாக்கும்; வயிற்றுவலியில் குதிரை துடித்துச் சாகும். குதிரைக்குள் போன புழு முட்டையிடும் பருவத்தை அடைய ஆறு மாதம் ஆகும் என்பதால், இரண்டு மாத இடைவெளியில் கொடுத்த மருந்து அதன் வம்சத்தையே அறுத்தது. அந்த நோய் அரிதாகிவிட்டது. மருந்து கொடுக்கும் பழக்கம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

இன்று வளர்ந்த குதிரைகளில் பெரும்பாலும் இருப்பவை சிறு ஸ்ட்ராங்கைல்கள். இவற்றின் இளம்புழுக்கள் பெருங்குடல் சுவருக்குள் புகுந்து, கூட்டுக்குள் சுருண்டு, சில சமயம் இரண்டு ஆண்டுகூட உறங்கும். வழக்கமான அளவு ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து அவற்றை ஒன்றும் செய்யாது. ஆயிரக்கணக்கில் ஒரே சமயத்தில் வெளிவந்தால் கடுமையான கழிச்சல் கண்டு குதிரை உருக்குலையும். சிகிச்சை கொடுத்தும் பாதி வரை இறப்பதுண்டு.

மருந்துக்குத் தப்பிய புழுக்கள்தான் அடுத்த தலைமுறையைப் பெறுகின்றன. மருந்து படாத புழுக்களும் லாயத்தில் இருந்தால், மருந்தை எதிர்க்கும் திறன் அவற்றோடு கலந்து நீர்த்துப்போகும். எல்லாக் குதிரைக்கும் ஒரே நாளில் கொடுத்தால் கலக்க ஆளே இல்லை. ஃபென்பென்டசோல் என்ற மருந்து பல நாடுகளில் இந்தப் புழுவிடம் தோற்றது இப்படித்தான்.

வளர்ந்த குதிரைகளில் 15 முதல் 30 சதவீதம் மட்டுமே மொத்த முட்டைகளில் ஏறத்தாழ 80 சதவீதத்தை வெளியேற்றுகின்றன. அவை எவை என்பதை லத்தி சொல்லும்.

புது லத்தி 4 கிராம் எடுத்து, 56 மி.லி. உப்புக்கரைசலில் நன்றாகக் கரைக்க வேண்டும். வெந்நீரில் இதற்கு மேல் கரையாது என்னும்வரை உப்பைப் போட்டு ஆறவைத்த கரைசல் அது. டீ வடிகட்டியில் வடித்து, உடனே மெக்மாஸ்டர் கண்ணாடியின் (முட்டை எண்ணுவதற்கான, கட்டம் போட்ட கண்ணாடி) இரண்டு அறைகளையும் நிரப்பி, ஐந்து நிமிடம் விட்டால் முட்டைகள் மிதந்து மேல் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். மைக்ரோஸ்கோப்பைக் கட்டங்களின் கோட்டுக்குக் குவிக்க வேண்டும். மெல்லிய ஓட்டுக்குள் திராட்சைக் குலைபோல அணுக்கள் தெரிந்தால் முட்டை. கறுத்த விளிம்போடு உருண்டையாகத் தெரிந்தால் காற்றுக்குமிழி. இரண்டு அறைகளின் கட்டங்களுக்குள்ளும் மொத்தம் 0.02 கிராம் லத்திதான் இருப்பதால், எண்ணிக்கையை 50-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கான முட்டைக் கணக்கு வரும். வெயிலில் கிடந்த லத்தியில் முட்டைகள் பொரிந்திருக்கும், கணக்கு குறையும். காற்றை வெளியேற்றிய பையில் போட்டுக் குளிர்பெட்டியில் வைப்பதுதான் சரி.

கிராமுக்கு 200 முட்டை வரை குறைவு, 500-க்கு மேல் அதிகம். அதிகம் வெளியேற்றும் குதிரைக்குத்தான் கூடுதல் மருந்து. ஆனால் குடல் சுவரில் உறங்கும் புழு இந்தக் கணக்கில் வராது. நாடாப்புழுவும் பெரும்பாலும் தப்பிவிடும். அதனால் மற்றக் குதிரைகளுக்கும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மருந்து உண்டு.

எடையைக் கண்ணளவில் குறைத்துப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மார்புச் சுற்றளவின் வர்க்கத்தை உடல் நீளத்தால் பெருக்கி 11,880-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும், அளவுகள் செ.மீ.-இல். சுற்றளவு 180, நீளம் 160 என்றால் 436 கிலோ, கிலோவுக்கு 0.2 மி.கி. வீதம் ஐவர்மெக்டின் 87 மி.கி. வாயில் புல் இருந்தால் பசை மருந்தைத் துப்பிவிடும், முதலில் வாயைப் பார்க்க வேண்டும். மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போடவே கூடாது. ஊசி போட்ட இடத்தில் உயிரைப் பறிக்கும் நோய்த்தொற்று வந்ததுண்டு.

மருந்து கொடுத்து 14-ஆம் நாள் மறுபடி எண்ண வேண்டும். ஐவர்மெக்டினுக்குப் பிறகு முட்டைகள் அநேகமாக மறைந்திருக்க வேண்டும். பல குதிரைகளிலும் குறையவில்லை என்றால், அளவு சரியாக இருந்தும் மருந்து தோற்கிறது என்று பொருள்.

குட்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றைத் தாக்கும் பெரிய உருண்டைப்புழுவைப் பைரான்டெல் மருந்தோ ஐவர்மெக்டினோ ஒரேயடியாக முடக்கினால், செத்த புழுக்கள் கட்டியாகச் சேர்ந்து சிறுகுடலை அடைத்துவிடலாம். புழு மிகுந்திருக்கும் எனச் சந்தேகப்பட்டால் கால்நடை மருத்துவர் பார்த்த பிறகே மருந்து.

இதெல்லாம் பாதி வேலை. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் முட்டை ஒரு வாரத்துக்குள் தொற்றும் இளம்புழுவாகிவிடும். ஆகவே மேய்ச்சல் நிலத்து லத்தியை வாரம் இருமுறை அள்ள வேண்டும். தன் லத்தி கிடக்கும் இடத்தைக் குதிரை மேயாது, இது அதன் இயல்பான தற்காப்பு. ஈரக் காலத்தில் லத்தியைக் கிளறிப் பரப்பினால், அது ஒதுக்கிவைத்த புழுவை மேயும் புல்லிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்.