மெடிக்கல் ரெப்: தமிழில் எப்படிச் சொல்வது?

மருந்து நிறுவனத்திடம் சம்பளம் வாங்கிக்கொண்டு, டாக்டர்களை நேரில் போய்ப் பார்த்து, தன் நிறுவனத்து மருந்தை எழுதும்படி பேசுபவர்தான் மெடிக்கல் ரெப். பேச்சில் ரெப் என்றே சொல்லிவிட்டுப் போகலாம், யாருக்கும் புரியாமல் போகாது. எழுதும்போது பலர் ‘மருத்துவப் பிரதிநிதி’ என்று போடுகிறார்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது. மருத்துவத்தின் சார்பில் வருபவர் என்றல்லவா அதற்குப் பொருள்! அவரை அனுப்புவது விற்கிற நிறுவனம். ‘மருந்து விற்பனைப் பிரதிநிதி’ என்று முழுதாகவே எழுதுங்கள். நீளத்துக்குப் பயந்து ‘விற்பனை’யை எடுத்துவிட்டால் அவர் எதற்காக வருகிறார் என்பதே போய்விடும்.

ரெப்ரசென்டேட்டிவ் என்ற சொல்லின் லத்தீன் வேருக்குக் கண்முன் கொண்டுவந்து நிறுத்துதல் என்று பொருள். பிரதிநிதி வடசொல், ஒருவருக்குப் பதிலாக நிற்பவர். தனித்தமிழ் வேண்டுமென்றால் ‘சார்பாளர்’ இருக்கிறது, ‘மருந்து விற்பனைச் சார்பாளர்’ என்று தாராளமாக எழுதலாம். ‘முகவர்’ மட்டும் வேண்டாம். சிங்கப்பூரில் முகவர் என்றாலே வீடு விற்றுக் கொடுப்பவரும் பணிப்பெண் ஏற்பாடு செய்பவரும்தான் நினைவுக்கு வருவார்கள், இரண்டு தரப்பையும் சேர்த்துவைத்துக் கமிஷன் வாங்குகிறவர்கள். ரெப் அப்படியில்லை, ஒரே நிறுவனத்தின் ஊழியர். மலாயில் பிரதிநிதியை ‘வாக்கில்’ என்பார்கள், நம்முடைய ‘வக்கீல்’ வந்த அதே அரபுச் சொல். ரெப் செய்யும் வேலைக்கு அது நன்றாகவே பொருந்துகிறது, தன் மருந்துக்காக வாதாடுவதுதானே அவர் வேலை.

அமெரிக்காவில் இவர்களை முன்பு ‘டீடெயில் மேன்’ என்றார்கள். மருந்தின் விவரங்களை டாக்டருக்கு எடுத்துச் சொல்பவர் என்ற பொருளில் வந்த பெயர். ‘டீடெயிலிங்’ என்று இந்தத் துறையில் இன்றும் சொல்வது அதிலிருந்து வந்ததுதான். இரண்டு நோயாளிகளுக்கு நடுவே கிடைக்கும் சில நிமிடங்களில், ஒரு வரைபடம், ஒரு ஆய்வு முடிவு, வேறொரு மருந்தோடு ஒப்பீடு என்று காட்டி முடித்துவிட வேண்டும். இதைத் தமிழில் ‘மருந்து விளக்கம்’ என்றால் போதும்.

இனி நம் ஊரான சிங்கப்பூர் விஷயம். தமிழ்நாட்டில் டாக்டர் சீட்டு எழுதுவார், நாம் மருந்துக்கடைக்குப் போவோம். சிங்கப்பூரில் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் குடும்ப மருத்துவர் பெரும்பாலும் தன் கிளினிக்கிலேயே மருந்து கொடுத்துவிடுவார், பெயர் ஒட்டிய சின்னப் பையில் மாத்திரையும் எப்போது சாப்பிட வேண்டும் என்ற குறிப்பும் முன்மேசையிலேயே கைக்கு வந்துவிடும். இங்கே கிளினிக்கை ‘மருந்தகம்’ என்றே எழுதுகிறோம், பாலிகிளினிக் ‘பலதுறை மருந்தகம்’. ஆக இங்குள்ள தனியார் டாக்டர் மருந்தை எழுதுபவர் மட்டுமல்ல, வாங்கி வைத்து விற்பவரும் அவரே. ரெப் அவரிடம் பேசும்போது மருந்தின் குணமும் கொள்முதல் விலையும் ஒரே பேச்சில் வந்துவிடலாம். இதில் தப்பு நடந்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நோயாளிக்கு இந்த உறவு தெரிந்திருக்க வேண்டும், அதற்கு முதலில் அந்த மனிதரைச் சரியான பெயரில் அழைக்க வேண்டும்.

கட்டுப்பாடுகள் உண்டு. சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் 2016ஆம் ஆண்டு நெறிமுறைத் தொகுப்பு, பண ஆதாயம் சிகிச்சை முடிவைப் பாதிக்கக் கூடாது என்கிறது. பெரிய மருந்து நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பு, மருத்துவர்களுக்குப் பரிசுப் பொருள் கொடுப்பதை 2019இல் தடை செய்தது. மருந்துப் பெயர் அச்சடித்த பேனாவும் அதில் போனது.

இன்னொரு சொல்லையும் இதோடு தெரிந்துகொள்ளுங்கள். ரெப்கள் கையாண்ட அதே நேருக்கு நேர் முறையை, விற்பனையை எடுத்துவிட்டுப் பயன்படுத்தினால் என்ன என்று ஹார்வர்டைச் சேர்ந்த ஜெர்ரி அவோர்னும் ஸ்டீபன் சுமராயும் சோதித்து 1983இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்ற மருந்தாளுநர்கள் போய்ப் பேசிய டாக்டர்கள், தேவையற்ற மருந்துகளை எழுதுவதைக் குறைத்துக்கொண்டார்கள். ‘அகடமிக் டீடெயிலிங்’ என்று அதற்குப் பெயர். மருந்துகளின் பலனையும் செலவையும் எடைபோட நம் சுகாதார அமைச்சு 2015இல் தொடங்கிய அமைப்பும் இதே வழியில் மருத்துவர்களைச் சந்திக்க ஆட்களை அனுப்புகிறது. இவர்களை ரெப் என்று சொல்லக் கூடாது. ‘மருந்து விளக்குநர்’ என்று சொல்லலாம், இவர்களுக்கு விற்க எதுவும் இல்லை.